கொடை, அசனம், கந்தூரி: மூன்றுக்கும் பொதுவாகப் பாத்திரம் வாங்கலாமா?

வாய்க்கால்கரை:
பாளையங்கோட்டைக்குத் தெற்கே எங்க ஊர். அம்மன் கோயில் கொடைத் திருவிழா, சிஎஸ்ஐ கிறிஸ்தவ சபை அசன விருந்து, பள்ளிவாசல் கந்தூரி விருந்து, மூணுலயும் ஆயிரம் பேருக்குக் குறையாமச் சாப்பாடு. மறுநாள் காகிதக் கப்பையும் தண்ணி பாக்கெட்டையும் ஓடைக்கரையில வச்சு எரிக்காங்க. எச்சில் இலை ஓடைக்குள்ள குவிஞ்சு நாறுது. 2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு பருவநிலை மாற்றம் பத்தி மூணு இடத்துலயும் பேச்சு இருக்கு. கோயிலுக்கு வரி கொடுக்கிற வரிதாரர்கள், சபைப் போதகரான சேகர ஐயர், பள்ளிவாசல் ஜமாத் தலைவர் எல்லாரும் சேர்ந்து செய்யச் சம்மதிச்சுட்டாங்க. அண்டா, தட்டு, தம்ளர் பொதுவா வாங்கி, ஒரு சாண எரிவாயுக் கலனும் கட்டலாம்னு யோசனை. எதுல ஆரம்பிக்கலாம்?

பந்தி விசாரிப்பு:
அண்ணாச்சி, அண்டாவை விட்டுடுங்க. சுடலை கோயிலுக்குக் கிடா வெட்டிச் சமைச்ச அண்டா அம்மன் கோயில் பொங்கலுக்கே ஆகாதும்பாங்க. பள்ளிவாசல்ல ஹலால் கேள்வி வரும். சமையல் பாத்திரம் அவங்கவங்களதா இருக்கட்டும். தட்டும் வேண்டாம், நம்ம பக்கம் வாழை இலைக்குப் பஞ்சமில்ல.

பொதுவா வாங்க வேண்டியது தம்ளரும் குழாய் வச்ச தண்ணி டிரம்மும். படைச்ச சோத்தைச் சபையில சிலர் தொடமாட்டாங்க, கந்தூரியே வேண்டாம்கிறவங்க ஜமாத்துலயும் உண்டு. தண்ணிக்கு இந்தத் தடை எதுவும் கிடையாது. கந்தூரியில சேராதவங்களை நோன்புக் கஞ்சி நாள்லயும் கல்யாணப் பந்தியிலயும் சேர்த்துக்கலாம்.

கணக்கைத் தலைக்கட்டு வச்சுப் போடாதீங்க, பந்தியை வச்சுப் போடுங்க. ஒரு பந்திக்கு 200 பேர்னா, இலையில 200, கழுவுற இடத்துல 200, உதிரி 50. மொத்தம் 450 தம்ளர் போதும், ஆயிரம் தேவையில்ல. வாய் அகன்ற எவர்சில்வர் தம்ளரா, 250 மில்லி கொள்ளளவுல எடுங்க. நேர் உருளையா இருந்தா ஒண்ணுக்குள்ள ஒண்ணு அடுக்க முடியாது.

கழுவ மூணு தொட்டி: முதல்ல வெறும் தண்ணி, அடுத்தது சோப்பு, கடைசியில நல்ல தண்ணி. கறிச் சாப்பாட்டுக்குச் சோப்புத் தொட்டியில வெந்நீர் இல்லேன்னா நெய்ப்பிசுக்கு போகாது. கடைசித் தொட்டியைப் பந்திக்குப் பந்தி மாத்தணும். ஈரத்தோட அடுக்கினா அடுத்த விசேஷத்துக்குள்ள வாடை பிடிச்சுரும். கம்பிவலைக் கட்டில்ல கவிழ்த்து வெயில்ல காயவச்சுத்தான் சாக்குல கட்டணும்.

குடிதண்ணிக்கு 1000 லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர். தனியா கரைச்சுத் தெளிவை மட்டும் ஊத்தி, அரைமணி நேரம் விட்டுட்டுத் திறங்க. பழைய பவுடர்ல வீரியம் இருக்காது.

ஒண்ணு சொல்லியே ஆகணும். உள்ளே பிளாஸ்டிக் பூசின காகிதக் கப்பும் தண்ணி பாக்கெட்டும் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டுல தடை. மூணு கமிட்டியும் இதை நோட்டீஸ்லயே அச்சடிச்சாத்தான் சமையல்காரர் கட்டுப்படுவார்.

சாணமும் சருகும்:
எரிவாயுக் கலன் இந்த வேலைக்கு ஒத்துவராது. ஒரு கன மீட்டர் வாயுவுக்குத் தினம் சுமார் 25 கிலோ சாணம் வேணும். அதைத் தினமும் யார் போடுவாங்க? கொடையன்னிக்கு மட்டும் ஒரு வண்டி எச்சில் இலையைக் கொட்டினா உள்ளே புளிச்சு, வாயு நின்னுபோகும்.

இலையை மட்க வைங்க. ஓடையிலயும் குழியிலயும் காத்துப் புகாம அழுகுறப்பத்தான் மீத்தேன் வருது. நூறாண்டுக் கணக்குல அது கரியமில வாயுவைப் போல ஏறக்குறைய 28 மடங்கு சூடேத்தும். அதனால குழி வேண்டாம், ஐப்பசி மழையில தண்ணி கட்டிக்கிடும். மேட்டுல குவியலாப் போடுங்க.

இலையை நறுக்கி, ஒரு கூடை இலைக்கு ரெண்டு கூடை சருகோ வைக்கோலோ போடணும். இடையிடையே சாணக் கரைசல். உயரம் மூணு நாலு அடி. நாலாம் நாள் இரும்புக் கம்பியைச் செருகி உருவினா தொடமுடியாத சூடு இருக்கணும். சூடு இல்லேன்னா காய்ஞ்சு கிடக்கு, இல்ல குவியல் சின்னது. நாத்தம் வந்தா ஈரம் கூடுதல், சருகு சேர்த்துக் கிளறுங்க. பத்து நாளைக்கு ஒருதரம் புரட்டினா மூணு மாசத்துல உரம். எலும்பைத் தனி வாளியில பிரிச்சு ஆழப் புதைக்கணும், இல்லேன்னா நாய் குவியலைக் கலைச்சுரும்.

கணக்குநோட்டு:
மூணு தரப்பும் சமமாப் போடுங்க. அதிகம் போட்டவங்க ‘எங்க தம்ளர்’னு பேசுற இடம் வரக்கூடாது. தம்ளர்ல ஊர்ப்பேரு மட்டும் வெட்டுங்க, சூலமோ சிலுவையோ பிறையோ வேண்டாம். வைக்கிற இடம் பொது இடமா இருக்கட்டும்.

கந்தூரிக்கு நாள் பார்க்கிற இஸ்லாமிய ஹிஜ்ரி மாசம் வருஷத்துக்குப் பதினோரு நாள் முன்னுக்கு வந்துக்கிட்டே இருக்கும். ஒரு வருஷம் கந்தூரியும் கொடையும் ஒரே வாரத்துல விழும். நாள் குறிச்சதும் பதிவேட்டுல எழுதுறது கட்டாயம்.

எல்லாத்தையும் விட முக்கியம், கழுவுறது யாரு? ஊர்த் துப்புரவு வேலை பார்க்கிறவங்க தலையிலயே இதுவும் விழுந்தா, நல்ல காரியம்னு சொல்லி அநியாயம் செய்ததா ஆயிரும். அசனத்துக்குக் கோயில் பையன்களும் பள்ளிவாசல் பையன்களும், கொடைக்கும் கந்தூரிக்கும் அதே மாதிரி மத்த ரெண்டு தரப்பும் தொட்டியில நிக்கணும். எல்லாத் தெருவுல இருந்தும் ஆள் இருக்கணும்.

வாய்க்கால்கரை:
வெள்ளிக்கிழமை கொடைன்னா ஜும்மா நேரம் இடிக்குமே?

கணக்குநோட்டு:
ஜும்மா நேரத்துக்குச் சபைப் பையன்கள் தொட்டியில, தொழுகை முடிஞ்சு வந்ததும் பாய் வீட்டுப் பையன்கள். ஞாயிறு அசனத்துலயும் ஆராதனை முடியுறவரை வெளியாள்தான் தண்ணி பிடிச்சு வைக்கணும். பேரும் நேரமும் முந்தின நாளே எழுதி ஒட்டிருங்க.