கணக்குப்படி சூரியன் எரியவே கூடாது! எங்கே தப்பு?

கேட்டவர்:
வணக்கம். பி.எஸ்சி. இயற்பியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். இரண்டு புரோட்டான்கள் இணைய வேண்டுமென்றால் ஒரு ஃபெம்டோமீட்டர் (10-இன் அடுக்கு மைனஸ் 15 மீட்டர்) அளவுக்கு நெருங்க வேண்டும். மின்விலக்கத்தை மீறி அப்படி நெருங்க 1.44 மெகா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் தேவை; இதுதான் தடை. இதைச் சராசரி வெப்ப ஆற்றலான ஒன்றரை கேடி-யோடு (கே போல்ட்ஸ்மான் மாறிலி, டி வெப்பநிலை) சமன் செய்தால் சுமார் 1100 கோடி கெல்வின் வருகிறது. சூரியனின் மையமோ வெறும் 1.5 கோடி கெல்வின். மூன்று தடவை போட்டுப் பார்த்துவிட்டேன், அலகெல்லாம் சரி.

பதில் 1:
சராசரியை எடுத்ததுதான் சிக்கல் என்று நினைக்கிறேன். எல்லாப் புரோட்டானும் ஒரே வேகத்தில் ஓடாது. எந்த வேகத்தில் எத்தனை துகள்கள் என்று காட்டும் மேக்ஸ்வெல் பரவலின் வாலில், அதாவது அதன் கடைக்கோடியில், இருக்கும் அதிவேகப் புரோட்டான்களை எடுத்துப் பாருங்கள்.

கேட்டவர்:
பார்த்தேன் சார். அந்தச் சூட்டில் கேடி 1.3 கிலோ எலக்ட்ரான் வோல்ட். தடை அதைப்போல 1100 மடங்கு. தாண்டும் வாய்ப்பு 10-இன் அடுக்கு மைனஸ் 480-ஐ ஒட்டி வருகிறது. சூரியனில் மொத்தமே 10-இன் அடுக்கு 57 புரோட்டான்தான். ஒன்றுகூடத் தேறாது!

பதில் 2:
உங்கள் கணக்கில் தப்பே இல்லை. ஹைட்ரஜன் ஹீலியமாவதால்தான் நட்சத்திரங்கள் ஒளிர்கின்றன என்று 1920-களில் வானியலாளர் எடிங்டன் சொன்னபோது, அதற்கு வேண்டிய சூடு அங்கே இல்லை என்று மறுத்தவர்களிடம் இருந்ததும் இதே கணக்குதான். புரோட்டானைக் கோலிக்குண்டாக நினைப்பதுதான் இடறுகிறது. மேட்டில் உருட்டிவிட்ட கோலி பாதியில் நின்று திரும்பிவிடும். புரோட்டானுக்கு அலைத்தன்மை உண்டு. தடைக்கு அந்தப் பக்கம் அது இருக்கவும் கொஞ்சம் வாய்ப்பு உண்டு. இதுதான் டனலிங். 1928-ல் இயற்பியலாளர் காமோவ் இதை வைத்து ஆல்ஃபா சிதைவை (அணுக்கருவிலிருந்து ஆல்ஃபா துகள் வெளியேறுவதை) விளக்கினார். அடுத்த ஆண்டே அட்கின்சனும் ஹௌட்டர்மான்ஸும் என்ற இரு இயற்பியலாளர்கள் இதை நட்சத்திரங்களுக்குப் பொருத்திவிட்டார்கள்.

மேலே வாலைப் பற்றிச் சொன்னதும் பாதி சரி. ஆற்றல் கூடக்கூடப் புரோட்டான்கள் குறைகின்றன, துளைக்கும் வாய்ப்பு கூடுகிறது. இரண்டையும் பெருக்கி கிராஃப் தாளில் வரையுங்கள். 6 கிலோ எலக்ட்ரான் வோல்ட் பக்கத்தில் ஒரு முகடு எழும். அதுதான் காமோவ் முகடு.

கேட்டவர்:
வந்துவிட்டது சார்! ரொம்ப நன்றி. அப்புறம் ஒரு சந்தேகம்: இப்படித் துளைக்க முடியும் என்றால் சூரியன் ஏன் ஒரேயடியாக வெடிக்கவில்லை?

பதில் 2:
துளைத்தால் மட்டும் போதாது. சேரும் அந்தக் கணத்தில் ஒரு புரோட்டான் நியூட்ரானாக மாற வேண்டும். அது வலிமை குறைந்த அணுக்கரு விசையின் வேலை, மிக மிக அரிது. மையத்திலுள்ள புரோட்டான் சராசரியாகப் பல நூறு கோடி ஆண்டுகள் காத்திருக்கிறது. மொத்தச் சூரியனையும் எடுத்துக்கொண்டால் கிலோவுக்கு 0.0002 வாட்தான். சும்மா உட்கார்ந்திருக்கும் உங்கள் உடம்பே கிலோவுக்கு ஒரு வாட்டுக்கு மேல் தருகிறது. தப்பித்தவறி மையம் சற்றுக் கூடுதலாகச் சூடானாலும் விரியும், விரிந்தால் குளிரும், இணைவும் தானாகத் தணிந்துவிடும்.