மறு: கருமுட்டைப் புரதங்கள் இரண்டுக்குத் தமிழ்ப் பெயர் வேண்டும்

பினாங்கு, மொழிபெயர்ப்பாளர்:

அன்பர்களுக்கு வணக்கம். கருத்தரிப்பு பற்றிய கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. பெண் குழந்தை தாயின் வயிற்றில் இருக்கும்போதே அதன் முட்டைகளில் குரோமோசோம்கள் இரட்டித்து, கோஹீசின் என்னும் புரத வளையங்களால் கட்டப்படுகின்றன. முட்டையின் உயிரணுப் பிரிவு பாதியில் நின்றுவிடும். அவள் பருவமடைந்து முட்டை வெளிவரும் சமயத்தில்தான் தொடரும். பிறகு புதுக்கட்டு போடப்படுவதில்லை என்றே எலி ஆய்வுகள் காட்டுகின்றன. நாற்பது வயதில் வெளிவரும் முட்டைக்கும் அதே பழைய கட்டுத்தான். அது தளர்ந்தால் குரோமோசோம் எண்ணிக்கை பிசகிக் கருச்சிதைவோ டவுன் சிண்ட்ரோமோ நேரலாம். கோஹீசினுக்குப் ‘பிணைப்புரதம்’ என்று எழுதியிருக்கிறேன். அதைக் காக்கும் ஷுகோஷின் என்னும் புரதத்துக்கு என்ன சொல்லலாம்?

கோலாலம்பூர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

பிணைப்புரதம் நன்று. பெண்மானுக்கும் பிணை என்று பெயர். கலையோடு இணைந்து திரிவதால் வந்ததோ என்பது என் நெடுநாளைய எண்ணம். ஷுகோஷின் என்றால் ஜப்பானிய மொழியில் காவல் தெய்வம். 2004-இல் தோக்கியோ ஆய்வாளர்கள் தம் மொழியிலேயே பெயர் வைத்தார்கள்; உலகம் ஏற்றுக்கொண்டது. ஊர்தோறும் முனீஸ்வரர் கோயில் வைத்திருக்கும் நமக்கா காவலுக்குச் சொல் இல்லை? காவற்புரதம் என்று எழுதுங்கள். காவற்பெண்டு என்னும் சங்கப் புலவர் பெயரிலேயே இந்தச் சொற்புணர்ச்சி உண்டு.

கோலாலம்பூர், மருத்துவர்:

ஐயா, காவற்புரதம் என்றால் என் நோயாளிகள் நோய் எதிர்ப்புச் சக்தி என்றே நினைப்பார்கள். பிணை என்றால் அவர்களுக்கு ஜாமீன். ஷுகோஷின் காப்பது உடலை அன்று, குரோமோசோம்களின் கட்டினை. முட்டையின் இரு பிரிவுகளில் முதலாவதில் செப்பரேஸ் என்னும் நொதி குரோமோசோமின் கைகளில் உள்ள கோஹீசினை வெட்டும்போது, நடுப்பகுதிக் கட்டினை மட்டும் இரண்டாம் பிரிவு வரை அது காத்துக்கொடுக்கிறது. வயதான எலிகளின் முட்டைகளில் அந்தக் காவலும் குறைந்திருக்கிறது. நம் பிள்ளைகள் உயிரணுப் பிரிவை இடைநிலைப்பள்ளி நான்காம் படிவத்தில் பெரும்பாலும் மலாய் மொழியில்தான் படிக்கிறார்கள். அங்கே குரோமோசோம் குரோமோசோமாகவே இருக்கிறது. கோஹீசின், ஷுகோஷின் என்றே விடுங்கள்.

தமிழாசிரியர்:

அப்படியானால் ‘கட்டுக்காவற்புரதம்’. எதைக் காக்கிறது என்ற கேள்விக்கும் அதில் விடை இருக்கிறது. பிள்ளைகள் மலாயில் படிக்கிறார்கள் என்பதற்காகத் தமிழில் சொல்லே பிறக்கக் கூடாதா, டாக்டர்?

மொழிபெயர்ப்பாளர்:

குழுவில் ஐந்து பேர் பிணைப்புரதம், கட்டுக்காவற்புரதம் இரண்டையும் ஏற்றிருக்கிறார்கள். நேரமில்லை, அப்படியே போடுகிறேன்.

மருத்துவர்:

போடுங்கள், அம்மா. ஆனால் இரண்டு இடத்திலும் அயற்பெயர் முதலில் வரட்டும். ஆய்வகத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு என் முன் உட்காரும் பெண் தேடப்போவது அந்தப் பெயரைத்தான். அதற்கு இடமில்லையென்றால் கையேட்டைப் பார்வையிட்டவர் பட்டியலில் என் பெயர் வேண்டாம்.