மருந்தடிக்கும் ட்ரோன் வாங்கி வாடகைக்கு ஓட்டினால் கையில் என்ன மிஞ்சும்?

முத்துப்பேட்டையான் (கேள்வி):

10 லிட்டர் டேங்க் ட்ரோனுக்குக் கொட்டேஷன் வந்திருக்கிறது. ஜிஎஸ்டி சேர்த்து 6.5 லட்சம். இரண்டு செட் பேட்டரி, ஒரு சார்ஜர், ரிமோட் எல்லாம் இதில் அடக்கம். நாளைக்கு 30 ஏக்கர், ஏக்கருக்கு 500 ரூபாய், ஒரே வருஷத்தில் போட்ட காசு திரும்பிவிடும் என்கிறார் டீலர். எங்கள் பக்கம் குறுவை குறைச்சல். சம்பாவும், அறுப்புக்கு முன்னால் வயலில் தூவுகிற உளுந்து பயறும்தான். 30 ஏக்கர் நிஜமாகவே ஓடுமா? செலவில் எதைச் சொல்லாமல் விடுகிறார்கள்? ஓட்டுகிறவர்கள் ரூபாய்க் கணக்காகச் சொன்னால் நல்லது.

வலங்கைமான் பைலட்:

தம்பி, டீலர் கணக்கில் பேட்டரி ஒரு தடவை வாங்குகிற சாமான். களத்தில் அது டீசல் மாதிரி, ஓட ஓடத் தீரும்.

இந்த அளவு மிஷினுக்குப் பெரும்பாலும் 22,000 எம்ஏஎச், 6 செல் பேட்டரி இரண்டைத் தொடராக இணைப்பார்கள், அதுதான் ஒரு செட். 44.4 வோல்ட், ஏறக்குறைய ஒரு யூனிட் கரண்ட். டேங்க் நிறைய மருந்தோடு 10 முதல் 12 நிமிஷம் பறக்கும். மருந்து விழும் அகலம் 3.5 மீட்டர், வேகம் நொடிக்கு 4.5 மீட்டர் என்றால் ஒரு ஏக்கருக்கு நாலரை நிமிஷம். திரும்புவது, போய் வருவது சேர்த்தால் 6, 7 நிமிஷம். நம் வயல்கள் மா கணக்கில் துண்டு துண்டாகக் கிடப்பதால் திருப்பம் இன்னும் கூடும். சார்ஜ் 30 சதவீதம் மிச்சம் இருக்கும்போதே இறக்கியாக வேண்டும். ஆக ஒரு டேங்க், ஒரு செட், மூணு மா, அதாவது ஒரு ஏக்கர். அதற்கு மேல் இழுக்க ஆசைப்படாதீர்கள்.

செட் விலை 55,000, ஆயுள் 250 சார்ஜ் என்று வையுங்கள். ஏக்கருக்கு 220 ரூபாய் பேட்டரியிலேயே போகிறது. 3 கேவிஏ ஜெனரேட்டரில் ஒரு செட் ஏற அரை மணி ஆகும், அரை லிட்டருக்குக் கொஞ்சம் மேல் பெட்ரோல் குடிக்கும்: 60 ரூபாய். உதவி ஆளுக்கு 800, லோடு ஆட்டோவுக்கு 800. நாளைக்கு 18 ஏக்கர் ஓட்டினால் இரண்டும் சேர்ந்து ஏக்கருக்கு 90. நாசில், ஃபில்டர், இறக்கை, பம்ப் வகையில் 30. மொத்தம் 400. வாங்குகிற 500இல் நூறு ரூபாய் மிச்சம். ஊர் ஊராக வேலை பிடித்துக் கொடுப்பவருக்கு ஏக்கருக்கு 50 கொடுத்தால் அதிலும் பாதிதான். உங்கள் கூலி, கடன் தவணை, இன்சூரன்ஸ் எல்லாம் அந்த நூறுக்குள்ளிருந்துதான் வர வேண்டும்.

30 ஏக்கர் விளம்பரத்துக்குச் சரி. காற்று அடங்கியிருக்கும் நேரம் காலை 6 முதல் 10, மாலை 4 முதல் 6. ஆடி மாதம் காலை 9 மணிக்கே மூட்டை கட்ட வேண்டிவரும். வீட்டிலிருந்து ஏற்றிக்கொண்டு போன 5 செட், பிறகு ஜெனரேட்டர் மணிக்கு ஏற்றித் தருகிற 2 செட்: காலையில் 13 ஏக்கர் வரும், மாலையில் இன்னொரு 5. ஐப்பசி, கார்த்திகை மழையில் எத்தனை நாள் சும்மா உட்கார வேண்டும் என்று உங்களுக்கே தெரியும். வருஷத்துக்கு 90 நாள், சராசரி 15 ஏக்கர் என்றால் 1,350 ஏக்கர். அதற்குப் பேட்டரி மட்டும் ஏறக்குறைய 3 லட்சம்.

முதலீட்டையும் திருத்திக்கொள்ளுங்கள். இன்னும் 3 செட் பேட்டரி 1.65 லட்சம், ஜெனரேட்டர் 50,000, இரண்டாவது சார்ஜர் 20,000, பைலட் பயிற்சி 45,000. எல்லாம் சேர்ந்து 9.3 லட்சம்.

குடந்தை சர்வீஸ்:

மேலே அண்ணன் போட்ட கணக்கில் பேட்டரி ஆயுள் 250 சார்ஜ் என்ற எண்தான் எல்லாவற்றையும் ஆட்டி வைக்கிறது. அது 150ஆக இறங்கினால் ஏக்கருக்கு 367 ரூபாய், 350ஆக ஏறினால் 157. ஓட்டுகிறவர் கையில்தான் இருக்கிறது.

பேட்டரி சாவதற்கு முதல் காரணம் சூடு. இறக்கியவுடன் கழற்றிச் சுடச்சுட சார்ஜரில் மாட்டுவார்கள். கையில் தொட்டால் சுடாத அளவுக்கு நிழலில் 20 நிமிஷம் கிடக்கட்டும். 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் ஏற்றவே கூடாது. வேலை ஓட வேண்டுமே என்று பொறுமை இல்லாதவர்களுக்கு இரண்டு செட் கூடுதலாக வாங்குவதுதான் மலிவான வழி. அடுத்தது ஆழமாகக் காலி செய்வது. செல்லுக்கு 3.7 வோல்ட் காட்டும்போது, அதாவது மொத்தம் 44 வோல்ட் பக்கம் வந்ததும் இறக்குங்கள். இன்னும் ஒரு பாத்திதானே என்று ஓட்டுவதில் செல் உப்பும்.

யாரும் கவனிக்காதது சீசன் முடிந்த பிறகு. முழு சார்ஜில் அலமாரியில் வைத்துவிட்டு அடுத்த பட்டத்துக்கு எடுத்தால் பாதி உப்பியிருக்கும். சார்ஜரில் ஸ்டோரேஜ் என்று இருக்கும், செல்லுக்கு 3.8 முதல் 3.85 வோல்ட்டில் நிறுத்தி, மாதம் ஒரு தரம் பாருங்கள். ஒரு செட்டுக்குள் செல்களுக்கிடையே 0.1 வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் வந்தால் அதை மருந்து டேங்கோடு பறக்கவிடாதீர்கள். உப்பியதைக் குத்திப் பார்க்கிற வேலையும் வேண்டாம், தீப்பிடிக்கும்.

இன்னொன்று, முத்துப்பேட்டை, வேதாரண்யம் பக்கம் உப்புக் காற்று. கனெக்டரில் பச்சை பூத்தால் தடை கூடிச் சூடாகும். வாரம் ஒரு முறை துடையுங்கள். தினமும் வேலை முடிந்ததும் 2 லிட்டர் சோப்புத் தண்ணீர், பிறகு 2 லிட்டர் நல்ல தண்ணீர் டேங்கில் ஊற்றி நாசில் வழியாக ஓட்டிவிடுங்கள். தூள் மருந்து காய்ந்து ஃபில்டரில் ஒட்டினால் ஒரு பக்க நாசில் மட்டும் குறைவாக அடிக்கும். வயலில் கோடு கோடாகப் பூச்சி மிஞ்சிய பிறகுதான் அது தெரியவரும்.

விழுந்தால் செலவு? தென்னை மட்டையில் தட்டினால் இறக்கை, கை, மோட்டார் என்று 30,000 முதல் 60,000. மின்கம்பத்தைச் சாய்வாக இழுத்துக் கட்டியிருக்கும் ஸ்டே கம்பிதான் பெரிய எமன். முன்னால் இருக்கிற ரேடாருக்குப் பல நேரம் அது தெரியாது. தானாக ஓடவிடும் முன் வரப்பில் நடந்து கம்பங்களைக் குறித்துக்கொண்டு, 5 மீட்டர் உள்ளே தள்ளி எல்லை போடுங்கள்.

நீடாமங்கலம் பயிர்க்காரன்:

ரெண்டு பேரும் மிஷினைப் பேசிட்டீங்க. மறுபடி அடிக்கிற செலவை யாரும் சொல்லல.

ஏக்கருக்கு 200 லிட்டர் தண்ணியில அடிச்ச மருந்தை 10 லிட்டர்ல அடிக்கிறோம். மருந்து அளவு அதேதான். இலைச்சுருட்டுப் புழுவுக்கு, மேல இருக்கிற இலை நனைஞ்சா போதும், அருமையா கேக்கும். புகையான் பூச்சி அப்படி இல்ல. அது தூர்ல, தண்ணிக்கு மேல ஒட்டிக்கிட்டு இருக்கும். சம்பா பயிர் மூடின பிறகு மேலேருந்து விழுற துளி அங்க போகாது. தண்ணிய வடிச்சுட்டு, வேகத்தை நொடிக்கு 3 மீட்டராக் குறைச்சு, ஏக்கருக்கு ரெண்டு டேங்கா அடிக்கணும். அப்ப பேட்டரிச் செலவு 440. அந்த வேலைக்கு 500 ரூபா பேசினா நஷ்டம்தான். 900 கேளுங்க, ஒத்துக்கலைன்னா ஆளை வச்சு கைத்தெளிப்பான்ல அடிச்சுக்கச் சொல்லிட்டு வந்துடுங்க. மருந்து கேக்கலன்னு ஒரு தெருவுல பேச்சு வந்தா அந்தத் தெரு முழுக்க வேலை போயிடும்.

உளுந்துக்கு 2 சதவீத டிஏபி கரைசல் கேப்பாங்க. ஏக்கருக்கு 4 கிலோ. 200 லிட்டர்ல அது 2 சதவீதம், 10 லிட்டர்ல 40 சதவீதம். இலை கருகும், கசடு நாசிலை அடைக்கும். அந்த வேலைய ஏத்துக்காதீங்க. பயறு ஒண்டர்ங்கிற பயிர் ஊக்கி ஏக்கருக்கு 2 கிலோ, அதுவும் 10 லிட்டர்ல கெட்டிதான். ஒரு மூலையில அடிச்சு ரெண்டு நாள் பாத்துட்டுத்தான் முழு வயலுக்கும் போகணும்.

உங்க ஊருக்கு முக்கியமா இது: பக்கத்துல இறால் குட்டை இருந்தா சைபர்மெத்ரின், லாம்டா சைஹாலோத்ரின் மாதிரி மருந்தை அந்தப் பக்கம் காத்தடிக்கும்போது தொடவே கூடாது. துளி விழுந்தாலே இறால் செத்துடும், நஷ்ட ஈடு ட்ரோன் விலையவே தாண்டும். களைக்கொல்லில 2,4-டி இருந்தா பக்கத்துப் பருத்தி, உளுந்து, வெத்தலைக் கொடிக்காலுக்கு ஆகாது. களைக்கொல்லிக்குத் தனி டேங்க் வச்சுக்குங்க.

முத்துப்பேட்டையான்:

நன்றி அண்ணே. மானியம், லைசென்ஸ் விவரமும் சொல்லுங்கள். 2.5 லட்சத்துக்குப் பழைய ட்ரோன் ஒன்றும் வருகிறது. அதை எடுக்கலாமா?

வலங்கைமான் பைலட்:

மானியம் வேளாண்மைப் பொறியியல் துறை வழியாக. சிறு குறு விவசாயி, பெண்கள், எஸ்சி எஸ்டி பிரிவினருக்கு 50 சதவீதம், உச்சவரம்பு 5 லட்சம். மற்றவர்களுக்கும் வாடகை மையத்துக்கும் 40 சதவீதம், 4 லட்சம் வரை. வாடகை மையம் வைப்பவர் வேளாண் பட்டதாரி என்றால் 50 சதவீதம். மகளிர் குழு வழியாக நமோ ட்ரோன் தீதி திட்டத்தில் 80 சதவீதம், 8 லட்சம் வரை. எதுவானாலும் டைப் சர்டிபிகேட் (அந்த மாடலுக்கு அரசு ஒப்புதல் தந்த சான்று) உள்ள மாடலாக இருக்க வேண்டும். 2025 செப்டம்பரிலிருந்து ட்ரோனுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம்தான். கொட்டேஷனில் 18 போட்டிருந்தால் திருப்பிக் கொடுத்துப் புதிதாக வாங்குங்கள்.

பைலட் சான்றிதழுக்குப் பத்தாம் வகுப்பு, வயது 18 முதல் 65. 10 வருஷம் செல்லும். மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் கட்டாயம். பறக்கும் முன் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தை (ட்ரோன் எங்கே பறக்கலாம் என்று காட்டும் அரசு வரைபடம்) பாருங்கள். தஞ்சாவூர் விமானப்படைத் தளத்தைச் சுற்றி வேலை பிடிக்கும் முன் அது அவசியம். திருச்சி விமான நிலையத்திலிருந்து 8 கிலோமீட்டருக்குள் என்றால் 3 மீட்டர் உயரத்தில் அடித்தாலும் அனுமதி வேண்டும்.

பழையதைப் பற்றி: முதலில் யுஐஎன், அதாவது ட்ரோனின் பதிவு எண், உங்கள் பெயருக்கு மாறுமா என்று கேளுங்கள். அந்த எண் ஃப்ளைட் கன்ட்ரோலர் (பறப்பதைக் கட்டுப்படுத்தும் போர்டு), ரிமோட் இரண்டின் சீரியல் எண்ணோடும் சேர்ந்தது. இடையில் போர்டு மாற்றிப் பதிவைத் திருத்தாமல் விட்டிருந்தால் வேண்டாம். வெளிநாட்டு ட்ரோன் இறக்குமதிக்கு 2022 பிப்ரவரியிலிருந்து தடை இருப்பதால் தாள் இல்லாத சீன மிஷின் என்றால் பேசவே வேண்டாம். தாள் சரி என்றால் ஒவ்வொரு மோட்டாரையும் கையால் சுற்றிப் பாருங்கள், கரகரத்தால் பேரிங் போயிருக்கிறது. பேட்டரிக்கு மதிப்பே போடாதீர்கள். 5 புது செட் 2.75 லட்சம் என்று எழுதி வைத்துக்கொண்டு, பிறகு விலை பேச உட்காருங்கள்.