ரொறன்ரோ குளிருக்குள் எந்த விதையை இப்ப போடுறது?

பின்வளவு:
வணக்கம் உறவுகளே. இடம் ஸ்காபரோ. பேஸ்மென்டில் நாலடி எல்ஈடி லைட் ஒன்று இருக்கு. அதுக்குக் கீழே இரண்டு நாற்றுத் தட்டு வைக்கலாம், அதுக்கு மேல் இடமில்லை. கையில் இருக்கிற விதைகள்: பச்சைமிளகாய், கொச்சி, ஊதாக் கத்தரி, தக்காளி, வெண்டி, பாகல், புடோல், பயித்தை, அவரை, சிறகவரை, பசளி, வெங்காயம். சிலது இரண்டு மூன்று வருசப் பழசு. இப்ப ஜனவரி நடுப்பகுதி. எதைப் போடலாம், எதை விடலாம்? பேஸ்மென்ட் 17 பாகைதான் நிற்குது.

கத்தரிப்பூ:
முதலில் ஏப்ரல் கடைசியில் எத்தனை சாடி லைட்டுக்குக் கீழே கொள்ளும் என்று கணக்குப் பாருங்கோ. ஒரு தட்டில் 72 குழி இருக்கலாம், ஆனால் கன்று வளர்ந்து 9 சென்ரிமீற்றர் சாடிக்கு மாறினால் அதே தட்டில் 18தான் நிற்கும். உங்களுக்கு மொத்தம் 36 சாடி. பலர் பிழைவிடுறது இந்த இடத்தில்தான்.

அடுத்தது, கன்றை வெளியில் நடுற நாளாக விக்டோரியா தினத்தை (கனடா விடுமுறை நாள்) வைத்து, அதிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கோ. அது மே 25க்கு முந்தின திங்கள். அதுக்கு முதல் மிளகாயையும் கத்தரியையும் வெளியில் நட்டால், பனி கொட்டாவிட்டாலும் இரவுக் குளிரில் கன்று குறண்டிப்போய் ஜூன் முழுக்க அப்படியே நிற்கும்.

ஜனவரி கடைசியில் வெங்காயமும் கொச்சியும் மட்டும் போதும். கொச்சி முளைக்கவே மூன்று நான்கு கிழமை எடுக்கும், காய்க்கவும் சுணங்கும். பச்சைமிளகாய் பெப்ரவரி நடுவில், கத்தரி மார்ச் முதல் கிழமையில், தக்காளி மார்ச் கடைசியில். தக்காளியை இப்ப போட்டால் மே வரும்போது இரண்டடி உயரத்தில் பூவோடு வேர் சுற்றி நிற்கும். அதை நட்டாலும், ஆறு கிழமைக் கன்று முந்திவிடும்.

பசளி ஏப்ரல் தொடக்கத்தில். வெண்டி, பாகல், புடோல் மூன்றும் ஏப்ரல் கடைசியில், கடதாசிக் கப்பில் ஒவ்வொன்றாக. இவை வேரைக் குழப்பினால் கோபிக்கிற சாதி, கப்போடு நடுங்கோ. பயித்தையை உள்ளே போடவே தேவையில்லை, ஜூன் தொடக்கத்தில் மண் சூடானதும் நேரே ஊன்றலாம்.

வெங்காயத்தை ஒரு சின்னப் பெட்டியில் நெருக்கமாகத் தூவுங்கோ. 17 பாகையிலும் முளைக்கும். தாள் நீண்டு சாய்ந்தால் கத்தரிக்கோலால் 8 சென்ரிமீற்றருக்கு வெட்டி விடலாம். ஏப்ரல் கடைசியில் வெளியே நட்டால் லேசான பனியைத் தாங்கும், அந்த இடம் புடோலுக்குக் கிடைக்கும்.

வடக்குவெயில்:
அவரையையும் சிறகவரையையும் விட்டுவிடுங்கோ. விதையிலோ மண்ணிலோ குற்றமில்லை. ஊர் இனங்கள் பெரும்பாலும் பகல் குறுகினால்தான் பூக்கும். இங்கே ஜூனில் பகல் 15 மணித்தியாலத்துக்கு மேல். கொடி வேலியெல்லாம் படர்ந்து செப்டெம்பரில்தான் பூ எடுக்கும், ஒக்டோபரில் பனி வந்து முடித்துவிடும். பசளியும் சுணங்கித்தான் பூக்கும், ஆனால் நாங்கள் இலைக்குத்தானே வளர்க்கிறோம், அது நல்லதுதான்.

வெங்காயத்துக்கு இது மறுவளமாக வேலை செய்யும். இங்கே பகல் நன்றாக நீண்டால்தான் குமிழ் கட்டுற நீண்ட பகல் இனம்தான் வேணும். குறும்பகல் இனம் இந்த நாட்டில் தாள் வளரமுதலே குமிழ் கட்டத் தொடங்கி, கோலிக்குண்டு அளவில் நின்றுவிடும். பைக்கற்றில் வகையைப் பார்த்து வாங்குங்கோ. பழைய வெங்காய விதையை நம்ப வேண்டாம், ஒரு வருசத்தோடு முளைப்பு சரசரவென்று குறையும். தக்காளி, கத்தரி நாலு வருசம்கூடத் தாங்கும், மிளகாய் இரண்டு மூன்று.

சந்தேகமானதைச் சோதியுங்கோ. ஈரமான பேப்பர் டவலில் 10 விதை, ஸிப் வைத்த பிளாஸ்டிக் பைக்குள் போட்டு ஃப்ரிட்ஜுக்கு மேலே சூடான இடத்தில் வையுங்கோ. எட்டு முளைத்தால் நல்ல விதை. ஐந்து என்றால் குழிக்கு இரண்டாகப் போடுங்கோ. இரண்டு மூன்று என்றால் புது விதை வாங்குங்கோ.

பின்வளவு:
நன்றி இருவருக்கும். புடோல் விதை ஓடு கல்லு மாதிரி இருக்கு, ஊறவைத்தால் காணுமா? முளைத்த கன்று அடியில் மெலிந்து விழுறது எதனால்?

மண்வெட்டி:
ஊறவைக்க முதல் நகவெட்டியால் ஓட்டின் பக்க விளிம்பை மெல்ல நறுக்குங்கோ, உள்ளே வெள்ளைப் பருப்பில் படக்கூடாது. பிறகு ஒரு இரவு வெதுவெதுப்பான தண்ணியில். பாகலுக்கும் அதுதான். இரண்டுக்கும் 28 பாகை வேணும், 17இல் அழுகத்தான் செய்யும். மிளகாய், கத்தரிக்கும் ஹீட் மாட் (தட்டுக்குக் கீழே விரிக்கிற மின்சூட்டு விரிப்பு) இல்லாமல் சரிவராது. பாதிக்கு மேல் முளைத்ததும் ஹீட் மாட்டை எடுத்துவிடுங்கோ, சூடு கூடினால் தண்டு நீளும்.

கன்று மண் மட்டத்தில் நூல் மாதிரி சுருங்கிச் சரியிறது பூஞ்சண நோய். ஈரம் கூடினாலும் காற்று ஓடாவிட்டாலும் வரும், வந்த கன்றைக் காப்பாற்ற ஏலாது. பழைய தட்டை ஒரு பங்கு பிளீச், ஒன்பது பங்கு தண்ணியில் கழுவுங்கோ. வளவு மண்ணைப் போடாமல் விதை மண் கலவை வாங்குங்கோ. தண்ணியைத் தட்டில் ஊற்றிக் கீழிருந்து உறிஞ்ச விட்டு, அரை மணித்தியாலத்தில் மிச்சத்தைக் கொட்டுங்கோ. முளை தெரிந்ததும் தட்டின் மூடியைக் கழற்றி, சின்ன ஃபான் ஒன்றை மெல்ல ஓட விடுங்கோ.

லைட்டைச் சங்கிலியில் தொங்கவிட்டு இலைக்கு மேலே 5–8 சென்ரிமீற்றரில் வையுங்கோ, ரைமரில் 16 மணித்தியாலம். வளர வளர உயர்த்தவும். நாலடி லைட்டின் இரண்டு நுனியிலும் வெளிச்சம் குறைவு, அதனால் தட்டுகளைக் கிழமைக்கு ஒருக்கால் திருப்பி வையுங்கோ.