கேம் மாறினால் எய்ம் ஏன் தவறுகிறது? வேலூர்ப் பக்கத்து மவுஸ் அனுபவங்கள்

சத்துவாச்சாரியிலிருந்து:

சாயங்காலம் ஆனால் எங்கள் கேமிங் சென்டரில் இந்தக் கேள்வி வராமல் போவதில்லை. "ணா, வேலரண்ட்ல நல்லா அடிக்கிறேன். சிஎஸ் போனா ஒரு குண்டு கூட பட மாட்டேங்குது. இன்னா பண்றது?"

வேலரண்ட், சிஎஸ் என்கிற கவுன்டர் ஸ்டிரைக், இரண்டும் மவுஸால் குறி வைத்துச் சுடும் கேம்கள். மவுஸ் அசைவுக்குப் பார்வை எவ்வளவு திரும்ப வேண்டும் என்று கேமில் வைக்கும் எண்ணைச் சென்சிட்டிவிட்டி என்பார்கள். கடைசியாகக் கேட்ட தம்பி 800 டிபிஐ மவுஸில் வேலரண்டை 0.35 சென்சிட்டிவிட்டியில் ஆடுகிறவன். அதே 0.35-ஐக் கவுன்டர் ஸ்டிரைக் 2-லும் போட்டு வைத்திருந்தான். இழுக்கிறான், இழுக்கிறான், மவுஸ் பேட் முடிந்துபோகிறது. திரையில் கால்வாசிகூடத் திரும்பவில்லை. அதற்குள் பின்னால் வந்தவன் முடித்துவிட்டான். "மவுஸ் போச்சுணா" என்றான். மவுஸுக்கு ஒன்றும் ஆகவில்லை.

மவுஸ் கம்ப்யூட்டருக்கு அனுப்புவது வெறும் எண்ணிக்கைதான். 800 டிபிஐ என்றால் ஓர் அங்குலம் நகர்ந்தால் 800 எண்ணிக்கை. ஒவ்வொரு எண்ணிக்கைக்கும் எத்தனை டிகிரி திரும்புவது என்பதை அந்தந்த கேம் தானே வைத்துக்கொள்கிறது. சென்சிட்டிவிட்டி 1 என்று வைத்தால் கவுன்டர் ஸ்டிரைக் 0.022 டிகிரி திரும்பும். வேலரண்ட் 0.07 டிகிரி. ஓவர்வாட்ச் 0.0066 டிகிரி. நம் பக்கத்தில் நிலத்தைக் குழிக்கணக்கில் பேசுகிறவர்களைக் கேளுங்கள், ஓர் ஊர்க் குழி இன்னோர் ஊர்க் குழிக்குச் சமமில்லை, சதுர அடியில் சொன்னால்தான் விலை பேச முடியும் என்பார்கள். இங்கே அந்தச் சதுர அடி, ஒரு முழுச் சுற்றுக்குக் கை நகர வேண்டிய சென்டிமீட்டர்.

அந்தத் தம்பியின் கணக்கைத் தாளில் போட்டுக் காட்டினேன். 360-ஐ 0.07-ஆல் வகுத்து, மறுபடி 0.35-ஆல் வகுத்தால் சுமார் 14,694 எண்ணிக்கை. அதை 800-ஆல் வகுத்தால் அங்குலம், 2.54-ஆல் பெருக்கினால் சென்டிமீட்டர். வருவது 46.7. அதாவது வேலரண்டில் ஒரு முழுச் சுற்றுக்கு அவன் கை 46.7 செ.மீ. போகிறது. அதே 0.35 சிஎஸ்ஸில் 148 செ.மீ. கேட்கும். எந்த மேசையில் அதற்கு இடமிருக்கிறது? 0.07-ஐ 0.022-ஆல் வகுத்தால் 3.18, வேலரண்ட் எண்ணை அந்த 3.18-ஆல் பெருக்கினால் சிஎஸ் எண் கிடைக்கும். 1.11 போட்டுக் கொடுத்தேன். தையல்காரர் டேப்பைப் பேட் ஓரமாக நீட்டி, இரண்டு கேமிலும் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்க்கச் சொன்னேன். இரண்டிலும் கை ஒரே இடத்தில் வந்து நின்றபோது அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

இப்படி உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள். வெறும் எண் மட்டும் போடாதீர்கள். டிபிஐ, சென்சிட்டிவிட்டி இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் மற்றவர்களுக்குப் பயன்படும்.

ராணிப்பேட்டையிலிருந்து:

நான் பழைய கவுன்டர் ஸ்டிரைக் 1.6 காலத்து ஆள். அப்போது பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து ஆடுவோம். எல்லாம் விண்டோஸ் எக்ஸ்பி சிஸ்டம். இன்று உட்கார்ந்த சீட் நாளைக்குக் கிடைக்காது. சென்சிட்டிவிட்டி 3 என்று மனப்பாடமாக வைத்திருந்தாலும் ஒவ்வொரு சீட்டிலும் மவுஸ் ஒவ்வொரு விதமாக ஓடும். 1.6 அப்போது விண்டோஸின் பாயின்டர் வேகத்தையும் சேர்த்து வாங்கிக்கொள்ளும் என்பதுதான் காரணம். ஒரு சீனியர் அண்ணன் சொல்லிக் கொடுத்தார்: எந்த சிஸ்டத்தில் உட்கார்ந்தாலும் முதல் வேலை கன்ட்ரோல் பேனல். பாயின்டர் வேகத்தில் இருக்கும் 11 படிகளில் நடுவில் இருக்கும் ஆறாவது படியில் வை, "என்ஹான்ஸ் பாயின்டர் பிரிசிஷன்" டிக்கை எடு. பிறகுதான் கேமைத் திற.

அந்த டிக் இருந்தால் கை வேகமாகப் போகும்போது ஒரு தூரம், மெதுவாகப் போகும்போது இன்னொரு தூரம் திரும்பும். அப்படி இருக்கும்போது சத்துவாச்சாரிக்காரர் சொல்லும் டேப் கணக்கு எதுவும் நிற்காது. இப்போது வரும் பெரும்பாலான கேம்கள் ரா இன்புட்டில் மவுஸை நேரடியாகப் படிப்பதால் விண்டோஸ் வேகம் உள்ளே வருவதில்லை. பழைய கேம் ஆடுகிறவர்கள் மட்டும் இன்றைக்கும் இதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று. அந்த 0.022 எங்கிருந்து வந்தது தெரியுமா? 1996-ல் வந்த க்வேக்கிலிருந்து. க்வேக் கேமை இயக்கும் மென்பொருளான எஞ்சினை வாங்கித்தான் ஹாஃப் லைஃப் கேமைச் செய்தார்கள், ஹாஃப் லைஃப் மேல் கவுன்டர் ஸ்டிரைக் வந்தது. 2012-ல் சிஎஸ் கோ வந்தபோதும், 2023 செப்டம்பரில் சிஎஸ் 2 வந்தபோதும் அந்த எண்ணை யாரும் தொடவில்லை. ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் என்ற கேமும், ஹாஃப் லைஃப் செய்தவர்களின் சோர்ஸ் எஞ்சின் வழியில் வந்ததால் அதிலும் அதே 0.022. டிபிஐயை மாற்றாமல் வைத்திருந்தால் 1.6-ல் ஆடிய எண்ணை அப்படியே சிஎஸ் 2-லும் ஏபெக்ஸிலும் போடலாம். நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன். என் பையன் பிறக்கும் முன் பழகிய கை இன்றும் அதே தூரம்தான் போகிறது. இதில் எனக்கு உள்ள சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

காட்பாடி ஹாஸ்டலிலிருந்து:

எங்கள் பிரச்சினை மேசை. கீபோர்டு, லேப்டாப், புத்தகம் எல்லாம் வைத்த பிறகு மவுஸுக்கு மிஞ்சுவது ஒரு நோட்டுப் புத்தக அகலத்துக்குச் சற்று மேல். பெரிய பிளேயர்கள் எல்லாம் குறைந்த சென்சிட்டிவிட்டி வைக்கிறார்கள் என்று பார்த்து ஃப்ளோரில் பாதிப் பேர் 800 டிபிஐ, சிஎஸ்ஸில் 1.0 என்று வைத்தார்கள். ஒரு முழுச் சுற்றுக்கு அது 52 செ.மீ. பின்னால் சத்தம் கேட்டுத் திரும்ப 26 செ.மீ. வேண்டும். சுவரில் போய் இடிக்கும்.

என் ரூம்மேட் வேறு வழியாக யோசித்தான். முதலில் மேசையை அளந்தான். ஒரே இழுப்பில் பின்பக்கம் திரும்ப முடிகிற தூரத்தை எடுத்து, அதை இரட்டிப்பாக்கினால் முழுச் சுற்று. எங்கள் மேசைக்கு 35 செ.மீ. வந்தது. அங்கிருந்து பின்னோக்கிக் கணக்கு: 800 டிபிஐக்கு சிஎஸ் 1.48, வேலரண்ட் 0.466, ஓவர்வாட்ச் 4.95. மூன்றிலும் கை ஒரே தூரம். ஃப்ளோரில் இப்போது எல்லோரும் இப்படித்தான் செய்கிறோம். யாருடைய செட்டிங்கைப் பார்த்தும் எண்ணை எடுப்பதில்லை.

வீட்டிலிருந்து 1600 டிபிஐ மவுஸ் கொண்டு வருகிறவர்களுக்கு: எண்ணைப் பாதியாக்குங்கள், அவ்வளவுதான். டிபிஐயையும் சென்சிட்டிவிட்டியையும் பெருக்கி வருவதை இடிபிஐ என்பார்கள். ஒரே கேம் ஆடும் இரண்டு பேரை ஒப்பிட அது போதும். கேம் மாறினால் அதை நம்ப வேண்டாம்.

ஆம்பூரிலிருந்து:

எல்லோரும் கணக்கைச் சொல்கிறீர்கள். நான் பேடையும் மவுஸையும் பற்றிச் சொல்கிறேன்.

எங்கள் ஊரில் தோலுக்குப் பஞ்சமில்லை. சித்தப்பா வேலை செய்யும் இடத்தில் வெட்டி மிஞ்சிய பெரிய துண்டு ஒன்று வந்தது. அதைத்தான் பேடாக விரித்தேன். தோலின் பளபளப்பான மேல்பக்கத்தில் மவுஸ் வழுக்கிக்கொண்டு போகும். ஆனால் மெதுவாக நகர்த்தும்போது குறி நடுங்கும். சென்சார் தரையைப் படம் பிடித்துப் படம் பிடித்துத்தான் நகர்வைக் கண்டுபிடிக்கிறது. ரொம்பப் பளபளத்தால் அதற்குப் பிடிமானம் கிடைப்பதில்லை. திருப்பிப் போட்டு, சொரசொரப்பாக இருக்கும் உள்பக்கத்தை மேலே வைத்தேன். நடுக்கம் நின்றது. ஆனால் கை நகரத் தொடங்கக் கொஞ்சம் அழுத்தம் வேண்டும். சென்சிட்டிவிட்டி எண் மாறவே இல்லை, இருந்தாலும் ஆட்டம் வேறு மாதிரி ஆகிவிட்டது. மே மாதத்தில் நம் ஊர் வெயில் 40 டிகிரியைத் தாண்டும்போது முன்கை வேர்த்துத் தோலில் ஒட்டிக்கொள்ளும். அப்போது ஒரு மெல்லிய முழுக்கைத் துணி போட்டுக்கொண்டு ஆடுகிறேன். எண்ணைத் தொடுவதில்லை. வேர்வைக்காக எண்ணை மாற்றினால் மழைக்காலத்தில் மறுபடி மாற்ற வேண்டி வரும்.

அடுத்தது மவுஸ். என்னிடம் இருப்பது இரண்டு, இரண்டிலும் 800 என்றுதான் போட்டிருக்கிறது. ஆனால் ஒன்றில் சிஎஸ் 1.0-க்குச் சரியாக 52 செ.மீ. வருகிறது, இன்னொன்றில் 50-தான் வருகிறது. பெட்டியில் எழுதிய டிபிஐ எல்லா மவுஸிலும் அச்சாக அப்படியே இருப்பதில்லை. மவுஸ் மாற்றியதும் "இன்னாமோ சரியில்ல" என்று தோன்றினால் இதை அளந்து பாருங்கள். சுவர் மூலையிலோ கதவு விளிம்பிலோ குறியை வைத்து, ஸ்கேல் ஓரமாக மவுஸை மெதுவாக நகர்த்தி, அதே விளிம்புக்குக் குறி திரும்பி வரும் வரை பாருங்கள். ஒரு சுற்றோடு நிறுத்தாமல் சில சுற்று எடுத்துச் சராசரி போட்டால் இன்னும் நல்லது. அந்த இரண்டாவது மவுஸில் 0.96 போட்டேன், 52 வந்துவிட்டது.

அதற்குப் பிறகும் இரண்டும் ஒரே மாதிரி இல்லை. ஒன்றில் சென்சார் நடுவில், இன்னொன்றில் முன்பக்கம். மணிக்கட்டை மட்டும் அசைத்து ஆடுகிறவர்களுக்கு முன்னால் இருக்கும் சென்சார் அதிக தூரம் போவது போலத் தெரியும். முழங்கையால் ஆடுகிறவர்களுக்கு அவ்வளவாகத் தெரியாது. இதை எந்தக் கால்குலேட்டரும் சொல்லாது.

வாலாஜாவிலிருந்து:

பப்ஜி பிசி ஆடுகிறவர்கள் கவனிக்க: அதில் சென்சிட்டிவிட்டி வைக்கும் ஸ்லைடர் நேர்விகிதத்தில் போகாது. 40-லிருந்து 50-க்குப் போவதும் 50-லிருந்து 60-க்குப் போவதும் ஒரே அளவு இல்லை. பெருக்கல் வாய்பாட்டை விட்டுவிட்டு நேராக டேப்பை வைத்து அளந்து சரி செய்யுங்கள்.

ஆரணியிலிருந்து:

நானும் தம்பியும் வீட்டில் ஒரே சிஸ்டத்தில் மாறி மாறி ஆடுவோம். சும்மா துப்பாக்கியோடு ஓடும்போது நீங்கள் சொன்ன முழுச்சுற்றுக் கணக்கு சரியாக இருக்கிறது. ஸ்னைப்பரில் ஸ்கோப் வைத்ததும் எல்லாம் குலைந்துவிடும். சிஎஸ்ஸில் ஏடபிள்யூபி என்ற ஸ்னைப்பர் துப்பாக்கியை எடுத்தால் எனக்குக் குறி எப்போதும் ஆளைத் தாண்டிப் போய்விடும். ஏன் என்று உட்கார்ந்து பார்த்தேன். விடை எஃப்ஓவியில் இருந்தது. திரையில் எத்தனை டிகிரி அகலம் தெரிகிறது என்பதுதான் அது.

சிஎஸ்ஸில் சாதாரணப் பார்வை 90 டிகிரி. இது பழைய 4:3 வடிவத் திரைக் கணக்கு, அகலத் திரையில் அதுவே 106 டிகிரிக்குச் சற்று மேல் வரும். ஏடபிள்யூபி முதல் ஜூம் 40 டிகிரி. கேம் தானாகவே 40-ஐ 90-ஆல் வகுத்து, 0.444 மடங்கு வேகம் வைக்கிறது. ஆனால் குறியைச் சுற்றியுள்ள சின்ன இடத்தில் படம் நகரும் வேகம் ஸ்கோப்பிலும் வெளியிலும் ஒன்றாக இருக்க வேண்டுமென்றால் கோணங்களை நேராக வகுக்கக் கூடாது, பாதிக் கோணங்களின் டான்ஜென்ட்டை வகுக்க வேண்டும். பத்தாம் வகுப்பில் படித்த அதே டான்தான். டான் 20-ஐ டான் 45-ஆல் வகுத்தால் 0.364. கேம் கொடுப்பது 0.444, எனக்கு வேண்டியது 0.364. ஒன்றை ஒன்றால் வகுத்தால் 0.819. செட்டிங்கில் ஜூம் சென்சிட்டிவிட்டி மல்டிப்ளையர் 1.0-ல் இருந்ததை 0.82 ஆக்கினேன். குறி தாண்டுவது நின்றது. இரண்டாவது ஜூம் 10 டிகிரி, அதற்கு 0.787 வரும். ஸ்லைடர் ஒன்றுதான் என்பதால் அதிகம் பயன்படுத்தும் முதல் ஜூமுக்கே வைத்தேன்.

தம்பி ஆடுவது கால் ஆஃப் டூட்டி. அதில் ஸ்கோப் வேகத்தைத் திரையின் எந்தப் புள்ளிக்கு ஒத்துப்போக வைப்பது என்று சொல்லும் மானிட்டர் டிஸ்டன்ஸ் கோஎஃபிஷியன்ட் என்ற எண் 1.33-ல் இருக்கும். 0 வைத்தால் நான் மேலே சொன்னது போலத் திரை நடுவில் வேகம் ஒத்துப்போகும். 1.33 என்றால் நடுவிலிருந்து பக்கவாட்டில் முக்கால் தூரத்தில் இருக்கும் புள்ளிக்கு ஒத்துப்போகும், 1.78 என்றால் அகலத் திரையின் விளிம்புக்கு. தூரத்தில் இருக்கும் ஆளுக்குத் தாவி அடிப்பவன் என்பதால் அவனுக்கு 1.33 பிடிக்கிறது. நான் குறிக்குள் வந்த ஆளைத் தொடர்ந்து அடிப்பவள், எனக்கு 0. சிஸ்டம் ஒன்றுதான், ஆளுக்கொரு ப்ரொஃபைல்.

4:3 ஸ்ட்ரெச் போட்டு, அதாவது 4:3 படத்தை அகலத் திரை முழுக்க இழுத்து வைத்து ஆடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. திரையில் பக்கவாட்டு அசைவு மூன்றில் ஒரு பங்கு வேகமாகத் தெரியும். ஆனால் கை திருப்பும் கோணம் அப்படியேதான் இருக்கிறது. வேகமாகிவிட்டது என்று எண்ணிச் சென்சிட்டிவிட்டியைக் குறைத்தால் பழகிய கை பழக்கம் போய்விடும்.

காட்பாடி ஹாஸ்டலிலிருந்து:

அக்கா, அப்படியென்றால் ஸ்கோப் இல்லாதபோதும் எஃப்ஓவி பார்க்க வேண்டுமா? வேலரண்டில் 103, சிஎஸ்ஸில் 106. நாங்கள் 3.18-ஆல் வகுத்து மட்டும் விட்டுவிட்டோம்.

ஆரணியிலிருந்து:

பார்த்தால் வித்தியாசம் இருக்கிறது தம்பி. டான் 51.5-ஐ டான் 53.13-ஆல் வகுத்தால் 0.943, அதாவது கிட்டத்தட்ட 6 சதவீதம். நடு வேகத்தைப் பொருத்த வேண்டுமானால் உன் 0.466-ஐ 0.44 ஆக்க வேண்டும். ஆனால் அப்படிச் செய்தால் பின்னால் திரும்பும் தூரம் மாறிவிடும். உங்கள் மேசைக்கு அதுதானே முக்கியம்? நான் சொல்வது, ஸ்கோப் இல்லாமல் இருக்கும்போது முழுச்சுற்றுத் தூரத்தை விட்டுக் கொடுக்காதே. ஸ்கோப்புக்கு மட்டும் டான் கணக்கை வை.

சத்துவாச்சாரியிலிருந்து:

அக்கா சொன்னதுதான் என் கட்சியும். குறி பழகும் மென்பொருள்களான கோவாக்ஸ், எய்ம் லேப் திறக்கிறவர்கள் அதிலும் உங்கள் கேமைத் தேர்ந்தெடுத்து அதே எண்ணைப் போடலாம், உள்ளே அதுவே மாற்றிக்கொள்ளும். போட்ட பிறகு ஒரு சுற்று அளந்து பார்த்துவிடுங்கள்.

போனில் பிஜிஎம்ஐ ஆடிவிட்டுப் புதிதாகப் பிசிக்கு வரும் தம்பிகளும் சென்டரில் நிறைய. போன் செட்டிங்கில் இருக்கும் சதவீதத்தை மவுஸுக்கு மாற்றித் தரச் சொல்கிறார்கள். விரல் கண்ணாடியில் சில சென்டிமீட்டர் போகிறது, மவுஸில் தோள் வரை வேலை செய்கிறது, அதை மாற்றித் தர வழியில்லை. அவர்களுக்கு நான் 40 செ.மீ. வைத்துக் கொடுக்கிறேன். 800 டிபிஐக்கு சிஎஸ் 1.3, வேலரண்ட் 0.41. ஒரு மாதம் தொடாமல் ஆடச் சொல்கிறேன். அதற்குப் பிறகு வந்து கூட்டச் சொன்னாலும் குறைக்கச் சொன்னாலும் சரி, அது அவர்கள் கை சொல்வது.