ஸோட்டெரோவில் தமிழ்ப் பெயர்கள் தலைகீழாகின்றன: துணைநூற்பட்டியலைச் சரிசெய்ய உதவி தேவை

கேள்வி: ஆய்வு மாணவி, மயிலாடுதுறை

வணக்கம். 1836இல் மேலணை கட்டப்பட்டது முதல் 1934இல் மேட்டூர் அணை திறக்கப்பட்டது வரையிலான காலத்தில் காவிரி வடிநிலத்தின் பாசன நிருவாகம் எவ்வாறு மாறியது என்பது குறித்துத் தமிழில் முனைவர் பட்ட ஆய்வேடு எழுதிவருகிறேன். மேற்கோள்களையும் துணைநூற்பட்டியலையும் உருவாக்கித் தரும் ஸோட்டெரோ என்ற மென்பொருளை வேர்டுடன் இணைத்து அடிக்குறிப்புகளை இடுகிறேன். வெங்கசாமி ராவின் 1883ஆம் ஆண்டுத் தஞ்சாவூர் மாவட்டக் கையேடு, ஹெமிங்வேயின் 1906ஆம் ஆண்டு கெசட்டியர் போன்ற ஆங்கில நூல்களுக்கு எந்தச் சிக்கலும் இல்லை. தமிழ் நூல்களுக்கு வரும்போதுதான் எல்லாம் குலைகிறது.

தி. வை. சதாசிவ பண்டாரத்தாரின் பெயர் பட்டியலில் ‘பண்டாரத்தார்’ என்று தொடங்கி, ‘ச’ வரிசையில் இருக்க வேண்டியது ‘ப’ வரிசைக்குப் போய்விடுகிறது. பொதுப்பணித் துறை வெளியிட்ட அறிக்கை, ‘துறை’ என்ற சொல்லை முன்னே வைத்து ‘த’ வரிசையில் நிற்கிறது. கல்வெட்டுகளைச் சுட்டும்போது பக்க எண்ணைத் தவிர வேறெதையும் எப்படிக் கொடுப்பது என்றும் தெரியவில்லை. பட்டியலை வேர்டிலேயே கையால் திருத்தினால், அடுத்த மேற்கோளைச் சேர்த்ததும் திருத்தங்கள் அனைத்தும் மறைந்து பழைய நிலைக்கே திரும்பிவிடுகின்றன. நெறியாளர் இயலைத் திருப்பி அனுப்பிவிட்டார். வழிகாட்டினால் மிகவும் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில்: கல்லூரி நூலகர், தஞ்சாவூர்

வணக்கம் அம்மா. நீங்கள் கடைசியாகச் சொன்னதிலிருந்தே தொடங்குகிறேன், ஏனெனில் மற்ற அனைத்துக்கும் விடை அதில்தான் இருக்கிறது. வேர்டில் நீங்கள் காணும் பட்டியல் ஸோட்டெரோ தன் தரவுகளைக் கொண்டு ஒவ்வொரு முறையும் புதிதாக எழுதித் தருவது. அங்கே செய்யும் திருத்தம் நிலைக்காது. பிழை எதுவாக இருந்தாலும் ஸோட்டெரோவுக்குள் அந்த நூலின் பதிவைத் திறந்து, அங்கே திருத்திவிட்டு, வேர்டில் ரெஃப்ரெஷ் பொத்தானை அழுத்துவதே முறை.

இனிப் பெயர்கள். ஸோட்டெரோ 2006இல் அமெரிக்காவின் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் உருவானது. ஒருவருடைய பெயரில் கடைசிச் சொல் குடும்பப்பெயர், மற்றவை அவருடைய சொந்தப் பெயர் என்ற வழக்கத்தை ஒட்டியே அதன் ஆசிரியர் பெட்டி இரண்டாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. நம் வழக்கமோ முற்றிலும் வேறு. உ. வே. சாமிநாதையரின் பெயரில் ‘உ’ என்பது பாபநாசத்தை அடுத்த உத்தமதானபுரம் என்ற ஊர், ‘வே’ என்பது தந்தை வேங்கடசுப்பையர். அவருடைய பெயர் சாமிநாதையர் என்பது மட்டுமே. அவர் பெயர் ஒரே சொல்லாக இருப்பதால் மென்பொருள் பிரித்தாலும் தப்பிவிடுகிறது. சதாசிவ பண்டாரத்தார் இரு சொற்களாக இருப்பதால் தப்புவதில்லை. இணையத்திலிருந்து பதிவை இறக்கும்போது ‘பண்டாரத்தார்’ ஒரு பெட்டிக்கும் ‘தி. வை. சதாசிவ’ மற்றொரு பெட்டிக்கும் போய்விடுகின்றன.

திருத்துவதற்கு இரண்டு வழிகள் உள்ளன. முதல் வழி, குடும்பப்பெயர்ப் பெட்டியில் ‘சதாசிவ பண்டாரத்தார்’ என்று முழுவதையும், சொந்தப் பெயர்ப் பெட்டியில் ‘தி. வை.’ என்று தலைப்பெழுத்துகளை மட்டும் இடுவது. கொள்கையளவில் இதுவே சரியானது. ஆனால் சீனம், ஜப்பானியம் போன்ற எழுத்துகளில் அமைந்த பெயர்களைக் காற்புள்ளியும் இடைவெளியும் இல்லாமல் சேர்த்து எழுதும் விதி ஒன்று மேற்கோள்களை வடிவமைக்கும் நிரலில் இருக்கிறது. தமிழ்ப் பெயர்களும் அந்த விதிக்குள் சிக்கக்கூடும். எனவே ஒரே ஒரு நூலில் சோதித்துப் பாருங்கள். பெயரும் தலைப்பெழுத்தும் ஒட்டிக்கொண்டு வந்தால் இரண்டாவது வழியைக் கையாளுங்கள்: பெயர்ப் பெட்டியை அடுத்துள்ள சிறு பொத்தானை அழுத்தினால் இரு பெட்டிகளும் ஒன்றாகிவிடும், அதில் ‘சதாசிவ பண்டாரத்தார், தி. வை.’ என்று பட்டியலில் எப்படி வர வேண்டுமோ அப்படியே தட்டச்சு செய்யுங்கள். ஒற்றைப் பெட்டியில் உள்ளதை மென்பொருள் பிரிக்காது, புரட்டாது. அடிக்குறிப்பிலும் பெயர் அதே வரிசையில்தான் வரும் என்பது இதிலுள்ள ஒரே குறை. நெறியாளரிடம் முன்கூட்டியே ஒப்புதல் பெற்றுவிடுங்கள்.

பொதுப்பணித் துறை, மெட்ராஸ் அரசு போன்ற நிறுவனப் பெயர்களுக்கு யோசிக்கவே வேண்டாம். அவை எப்போதும் ஒற்றைப் பெட்டியில்தான் இருக்க வேண்டும்.

கல்வெட்டுகளுக்கு வருவோம். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையின் இரண்டாம் தொகுதியில் உள்ளன. அதன் முதற்பகுதியை ஹுல்ட்ஷ் 1891இல் பதிப்பித்தார். ஒவ்வொரு கல்வெட்டுக்கும் ஒரு பதிவு என்று உருவாக்கினால் பட்டியல் தேவையின்றி நீண்டுவிடும். தொகுதிக்கு ஒரே பதிவு வைத்துக்கொண்டு, மேற்கோளை இடும்போது அந்த மேற்கோளின் மீது சொடுக்கினால் திறக்கும் சிறு கட்டத்தில் பக்க எண் பகுதியை வெறுமையாக விட்டு, அதன் கீழுள்ள சஃபிக்ஸ் என்ற இடத்தில் ‘, கல்வெட்டு எண் 6’ என்று தமிழிலேயே எழுதுங்கள். அப்படி எழுதியது அப்படியே அடிக்குறிப்பில் வரும். சங்கப் பாடல்களின் அடி எண்களுக்கும் இதே முறை பொருந்தும். சென்னை ஆவணக் காப்பகத்தில் பார்த்த அரசாணைகளுக்கு ‘மேனுஸ்கிரிப்ட்’ என்ற வகையைத் தேர்ந்தெடுங்கள். காப்பகத்தின் பெயருக்கும் கட்டு எண்ணுக்கும் அதில் தனி இடங்கள் உண்டு.

மாணவி

ஐயா, மிக்க நன்றி. நீங்கள் எச்சரித்தபடியே இரண்டு பெட்டிகளில் இட்டபோது பெயர்கள் ஒட்டிக்கொண்டன. ஒற்றைப் பெட்டிக்கு மாற்றியதும் சரியாகிவிட்டது. பொதுப்பணித் துறையும் ‘ப’ வரிசைக்குத் திரும்பிவிட்டது. நெறியாளரும் ஒப்புக்கொண்டார்.

ஆனால் இப்போது வேறொன்று கண்ணில் படுகிறது. ‘ஸ்ரீநிவாசன்’ என்று தொடங்கும் ஒரே ஆசிரியரின் நூல்கள் பட்டியலில் இரண்டு வேறு இடங்களில் பிரிந்து நிற்கின்றன. எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்த்துவிட்டேன். தலைப்பெழுத்து, புள்ளி, இடைவெளி எதிலும் வேறுபாடு இல்லை. என்ன காரணமாக இருக்கும்?

பதில்: தமிழ்த்துறை ஆசிரியர், கும்பகோணம்

கண்ணுக்குத் தெரியாத வேறுபாடு அது. ‘ஸ்ரீ’ என்ற வடிவத்தைக் கணினியில் இரண்டு விதமாக உருவாக்க முடியும். ஒன்று ‘ஸ’ என்ற எழுத்தில் தொடங்குவது. மற்றொன்று 2005இல் ஒருங்குறியில் (யூனிகோடில்) சேர்க்கப்பட்ட ‘ஶ’ என்ற எழுத்தில் தொடங்குவது. திரையில் இரண்டும் ஒன்றாகவே தோன்றும். மென்பொருளுக்கு அவை இரு வேறு ஆசிரியர்கள். உங்கள் பதிவுகளில் சில உங்கள் விசைப்பலகையிலிருந்தும் சில ஏதேனும் ஒரு நூலகத் தளத்திலிருந்தும் வந்திருந்தால் இப்படி நேரும்.

எது எது என்று அறிய எளிய வழி உண்டு. பெயரை வேர்டில் ஒட்டி, ‘ஸ்ரீ’ என்பதற்குப் பின்னால் உள்ள எழுத்துகளை நீக்கிவிட்டு, பின்னழிப்பு விசையை ஒவ்வொரு முறையாக நிதானமாக அழுத்துங்கள். முதலில் ஈகாரக் குறி போகும், பிறகு ரகரம், பிறகு மேற்புள்ளி. எஞ்சி நிற்பது ‘ஸ’வா ‘ஶ’வா என்று அப்போது தெளிவாகத் தெரிந்துவிடும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்து எல்லாப் பதிவுகளிலும் அதையே ஒட்டுங்கள்.

இதே வகையில் ஔகாரத்தையும் சோதிக்க வேண்டும். சௌந்தரராஜன் என்ற பெயரை, நாகப்பட்டினம் பெருமாள் கோயிலால் நம் பகுதியில் பரவலாக வழங்கும் பெயர் அது, ஒற்றைக் கொம்பும் ளகரமும் சேர்த்துச் ‘செளந்தரராஜன்’ என்று தட்டச்சு செய்வோர் மிகப் பலர். அச்சில் பார்த்தால் வேறுபாடு புலப்படாது. ஆனால் தேடினால் கிடைக்காது, வரிசையிலும் இடம் மாறிவிடும். கணினித் தமிழில் நாம் அனைவரும் இன்னும் கூடுதல் கவனம் செலுத்த வேண்டிய இடம் இது என்று உறுதியாக நம்புகிறேன்.

ஒரே நூல் இரண்டு பதிவுகளாக இருப்பதைக் கண்டால் ஒன்றை அழித்துவிடாதீர்கள். இரண்டையும் தேர்ந்தெடுத்து மெர்ஜ் கட்டளையால் இணையுங்கள். அழித்தால் வேர்டில் ஏற்கெனவே உள்ள மேற்கோளுக்கும் பதிவுக்கும் இருந்த தொடர்பு அறுந்துவிடும், இணைத்தால் அறுபடாது.

மாணவி

இரண்டு எழுத்துகள்தாம் காரணம், ஐயா. ஸ்ரீநிவாசன் இப்போது ஓரிடத்தில் இருக்கிறார். இறுதியாக மூன்று ஐயங்கள். ஆசிரியர் பலராக உள்ள தமிழ் நூல்களுக்கும், ‘மற்றும் பிறர்’ எனப் பொருள்படும் ‘எட் அல்’ என்பது உரோமன் எழுத்தில் வருகிறது. பட்டியலில் ஆங்கில நூல்கள் முன்னும் தமிழ் நூல்கள் பின்னும் நிற்கின்றன. துறை விதிப்படி தமிழ் முதலில் வர வேண்டும். மேலும், பக்க வடிவமைப்புக்காக ஆய்வேட்டை டி.டி.பி. மையத்தில் கொடுக்கப் போகிறேன். அவர்கள் பாமினி எழுத்துருவுக்கு மாற்றித் தருவதாகச் சொல்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: முனைவர் பட்டம் முடித்தவர், திருவாரூர்

பாமினிக்கு மாற்ற வேண்டாம். அது ஒருங்குறி அன்று. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருக்கும் எழுத்துரு. ஆங்கில நூல்களும் கலந்துள்ள உங்கள் பட்டியலில் எது தமிழ், எது ஆங்கிலம் என்று பிரிக்க முடியாமல் போய்விடும். ஒருங்குறி எழுத்துருவிலேயே வடிவமைத்துத் தருமாறு உறுதியாகக் கேளுங்கள். பட்டியலின் தமிழ் மட்டும் வேறு எழுத்துருவில் வந்தால், வேர்டில் பிப்லியாக்ரஃபி என்ற ஸ்டைலைத் திறந்து, காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட் என்ற பகுதியில் உங்கள் தமிழ் எழுத்துருவைக் குறிப்பிட்டால் போதும்.

‘எட் அல்’ சிக்கலுக்கு, மேற்கோள் எந்த வடிவில் வர வேண்டும் என்று வரையறுக்கும் பாணிக் கோப்பையே திருத்த வேண்டும். ஸோட்டெரோவின் அமைப்புகளில் சைட் பகுதிக்குள் ஸ்டைல் எடிட்டர் உள்ளது. அங்கே உங்கள் பாணியைத் திறந்து, ‘மற்றும் பிறர்’, ‘பதிப்பாசிரியர்’, ‘ப.’, ‘பக்.’ ஆகிய சொற்களைச் சேர்த்து, பாணியின் தலைப்பையும் அடையாளக் குறியையும் மாற்றிப் புதிய பெயரில் சேமியுங்கள். பெயரை மாற்றாவிட்டால் அடுத்த தானியங்கிப் புதுப்பிப்பில் உங்கள் திருத்தம் அழிந்துவிடும். இந்தச் சொற்கள் ஆங்கில நூல்களுக்கும் வரும். ஒரே ஆவணத்தில் நூலுக்கு நூல் மொழியை மாற்றும் வசதி இதில் இல்லை. தமிழில் எழுதப்பட்ட ஆய்வேட்டில் அது முறையானதே என்பது என் கருத்து.

தமிழ் நூல்களை முன்னே கொண்டுவருவதை இப்போது செய்யாதீர்கள். ஆய்வேடு முற்றிலும் முடிந்து, நெறியாளர் இறுதி ஒப்புதல் தந்த பிறகு, கோப்பை வேறு பெயரில் ஒரு நகல் எடுங்கள். அந்த நகலில் மட்டும் அன்லிங்க் சைடேஷன்ஸ் கட்டளையை இயக்குங்கள். மேற்கோள்கள் அனைத்தும் வெறும் எழுத்துகளாகிவிடும். ஆங்கில நூல்கள் ஒரே தொகுதியாக இருப்பதால் அவற்றை வெட்டித் தமிழ் நூல்களுக்குக் கீழே ஒட்டி, துணைத்தலைப்பு இடுவது சில நிமிட வேலை. டி.டி.பி. மையத்துக்கு இந்த நகலைத்தான் கொடுக்க வேண்டும். தொடர்பு அறுபடாத மூலக் கோப்பை அவர்களிடம் கொடுக்கவே கூடாது. வேறொரு மென்பொருளில் திறந்து சேமித்துவிட்டால் மேற்கோள்கள் செயலிழந்துவிடும். வாய்மொழித் தேர்வுக்குப் பின் திருத்தம் செய்யச் சொன்னால் உங்களுக்குத் தேவைப்படப்போவது அந்த மூலக் கோப்புதான்.