‘டோப்’ என்பதற்கு ‘ஊறுபூச்சு’: ஒரு முன்மொழிவு

நண்பர்களுக்கு வணக்கம்.

துணி மூடிய சிறு விமானங்களைப் பழுதுபார்த்து மறுபடி வண்ணம் தீட்டும் வேலைக்கான சொற்பட்டியல் பெரும்பாலும் முடிந்துவிட்டது. அந்தத் துணிமேல் பூசும் ‘டோப்’ என்ற திரவத்துக்கான சொல் மட்டும் இழுத்துக்கொண்டே போகிறது. இதுவரை வந்த முன்மொழிவுகள் வண்ணப்பூச்சு, அரக்கு, விறைப்பூட்டி, இறுக்குப்பூச்சு. கடைசியாக வந்ததற்குத்தான் ஆதரவு அதிகம். காதுக்கும் நன்றாகவே இருக்கிறது. ஆனால் அது பாதி உண்மையைத்தான் சொல்கிறது. அந்த மறுபாதியில் படிப்பவர் ஏமாந்துபோவார். ஏன் என்பதை வேலையிலிருந்தே சொல்லிப் பார்க்கிறேன்.

ரைட் சகோதரர்கள் 1903-இல் பறக்கவிட்ட விமானத்தின் இறக்கையில் இருந்தது வெறும் மஸ்லின் துணி. அதன்மேல் அவர்கள் எதையும் பூசவில்லை. வெறும் துணி காற்றைக் கசியவிடும், ஈரத்தைக் குடிக்கும், பருவம் மாறினால் தொய்யும். அதற்கு மருந்தாக வந்ததுதான் செல்லுலோஸ் சேர்மத்தை ஆவியாகும் கரைப்பானில் கரைத்துத் துணிமேல் பூசும் பழக்கம். அந்தக் கரைசல்தான் டோப். கரைப்பான் பறந்துபோகப் போக, எஞ்சும் படலம் சுருங்கும். சுருங்கும்போது துணியையும் சேர்த்து இழுக்கும். முதல் உலகப்போர் விமானங்களின் லினன் துணியும், பின்னாளில் பைப்பர் கப் போன்ற சிறு விமானங்களின் பருத்தித் துணியும் விறைப்பாக நின்றது இப்படித்தான். அந்தக் காலத்துக்கு ‘இறுக்குப்பூச்சு’ கச்சிதமான சொல்.

இன்று துணி விமானங்களில் பெரும்பாலும் பாலியெஸ்டர்தான். அதை இறுக்குவது பூச்சு அல்ல, சூடு. துணியைச் சட்டத்தில் ஒட்டிய பிறகு இஸ்திரிப்பெட்டியை 250 டிகிரி பாரன்ஹீட்டில் தொடங்கி, படிப்படியாக 350 வரை கொண்டுபோவார்கள். சுருக்கம் ஒவ்வொன்றாக மறைந்து துணி விறைத்து வருவது கண்ணெதிரே தெரியும். 350-ஐத் தாண்டினால் கதை தலைகீழ்: துணி தளரத் தொடங்கும், தளர்ந்ததை மீட்க வழியில்லை. அதனால் பெட்டியின் திருகில் அச்சடித்திருக்கும் அளவை யாரும் நம்புவதில்லை. அடித்தட்டின் சூட்டை வெப்பமானியால் அளந்து, திருகின்மேல் தாங்களே கோடு போட்டுக்கொள்வார்கள்.

இப்படிச் சூட்டிலேயே முழு இறுக்கமும் வந்துவிட்ட துணிமேல், தானும் சுருங்கும் பூச்சை அடுக்கடுக்காகப் பூசினால், இறக்கைக்கு வடிவம் தரும் மெல்லிய குறுக்குச் சட்டங்களான விலாக்களும் அதன் பின்விளிம்பும் வளைந்துபோகும். இதற்காகவே நெகிழ்வூட்டியைக் கூடுதலாகச் சேர்த்த, அதிகம் சுருங்காத டோப் வகை இருக்கிறது. அதைத் தமிழில் என்னவென்று சொல்வது? ‘இறுக்காத இறுக்குப்பூச்சு’ என்றா? பெயரை நம்பி ஒருவர், தொய்வாக ஒட்டிய பாலியெஸ்டர்மேல் அதைப் பூசிவிட்டு விறைக்கும் என்று காத்திருந்தால், துணி தொய்ந்தபடியேதான் கிடக்கும். விறைப்பூட்டிக்கும் இதே சிக்கல். அரக்கு என்பதோ பூச்சி தரும் பிசினின் பெயர், மரவேலையில் ஏற்கெனவே இடம்பிடித்துவிட்டது. அதை இங்கே இழுக்க வேண்டாம்.

வண்ணப்பூச்சைத்தான் நான் கடுமையாக மறுக்கிறேன். முதலில் பூசும் டோப்பில் நிறமே இல்லை, தெளிந்த திரவம். அடுத்து வருவது வெள்ளி அடுக்கு. அதில் கலந்திருக்கும் அலுமினியத் தூள் அழகுக்காக அல்ல, வெயிலின் புறஊதாக் கதிர் துணியைத் தின்றுவிடாமல் தடுப்பதற்காக. வெள்ளி அடுக்கு போதுமா என்று பார்க்க, இறக்கைக்குள் விளக்கை வைத்து வெளியிலிருந்து பார்ப்பார்கள். வெளிச்சம் கசிந்தால் இன்னும் பூச வேண்டும். இதெல்லாம் முடிந்த பிறகுதான் நிறம். எல்லாவற்றையும் ‘வண்ணப்பூச்சு’ என்ற ஒரே பெட்டிக்குள் போட்டால், படிப்பவர் கையில் கிடைக்கும் எனாமலை எடுத்துப் பூசிவிடுவார். எனாமல் கீழே உள்ள டோப்போடு கலந்து ஒன்றாகாது, மேலே தனியே உட்கார்ந்திருக்கும். துணி அசைய அசைய வெடிக்கும். நாளை ஒரு கிழிசல் வந்தால், அந்த எனாமலை முழுவதும் அகற்றும்வரை ஒட்டுத்துணி பிடிக்காது. அப்புறம் எடை. சுக்கான், ஏற்றத்தட்டு போன்ற அசையும் பாகங்களில் கீலுக்குப் பின்னால் வண்ணம் கூடினால் சமநிலை கெட்டு, வேகத்தில் கட்டுக்கடங்காத அதிர்வு கிளம்பலாம். வண்ணம் தீட்டிய பின் அந்தப் பாகங்களின் சமநிலையை மறுபடி சோதிக்கச் சொல்வது சம்பிரதாயத்துக்காக அல்ல. ஒரு சொல்லைத் தவறாக வைத்தால் இவ்வளவும் பின்னால் வருகிறது.

சரி, பருத்திக்கும் பாலியெஸ்டருக்கும், இறுக்கும் வகைக்கும் இறுக்காத வகைக்கும் பொதுவாக டோப் செய்வது என்ன? துணிக்குள் இறங்குவது. முதல் பூச்சை நீர்க்கக் கலந்து, தூரிகையால் அழுத்தித் தேய்க்கிறார்கள். நெசவின் கண்களில் புகுந்து மறுபக்கம் ஈரம் தெரிய வேண்டும், ஆனால் சொட்டி ஓடக்கூடாது. ஓடினால் உள்ளே எதிர்த்துணியில் விழுந்து திட்டாக உறையும். மேற்பரப்பில் மட்டும் படிந்து நின்றால் அதைவிட மோசம், பின்னாளில் படலமாக உரிந்து வரும். இறங்கிப் பிடித்த முதல் அடுக்கின்மேல்தான் மற்ற எல்லா அடுக்கும் நிற்கின்றன. அதனால்தான் ‘ஊறுபூச்சு’ என்கிறேன். ஊறிய, ஊறுகின்ற, ஊறும் பூச்சு என மூன்று காலத்துக்கும் பொருந்தும் வினைத்தொகை. அதிலிருந்து இறுக்கும் ஊறுபூச்சு, இறுக்கா ஊறுபூச்சு, செல்லுலோஸ் சேர்மத்தால் வேறுபடும் இரு வகைகளான நைட்ரேட் ஊறுபூச்சு, பியூட்டிரேட் ஊறுபூச்சு, பிறகு வெள்ளி ஊறுபூச்சு எல்லாம் முட்டாமல் மோதாமல் பிறக்கின்றன. ‘நைட்ரேட்டின்மேல் பியூட்டிரேட் பூசலாம், பியூட்டிரேட்டின்மேல் நைட்ரேட் கூடாது’ என்ற அடிப்படை விதியையும் இந்தச் சொல்லை வைத்து எழுதிப் பார்த்தேன், தெளிவாக இருக்கிறது.

இரண்டு மறுப்புகள் வரும் என்று எதிர்பார்க்கிறேன். பாலியெஸ்டர் இழை எதையும் உறிஞ்சாதே, அதில் எங்கே ஊறுவது என்பது ஒன்று. நியாயமான கேள்வி. பருத்தி நார் டோப்பைக் குடிக்கும், பாலியெஸ்டர் இழை குடிக்காது என்பது உண்மைதான். ஆனால் பாலியெஸ்டரிலும் திரவம் நெசவின் இடுக்குகளில் நுழைந்து ஒவ்வொரு இழையையும் பின்புறமாகச் சுற்றிக்கொள்கிறது. அந்தப் பிடிதான் அதற்கு ஆதாரம். நாம் சொல்வது துணியில் ஊறுவதை, நாரில் ஊறுவதை அல்ல. இன்னும் சொன்னால், பாலியெஸ்டரில் முதல் பூச்சை ஏன் இவ்வளவு கவனமாகத் தேய்க்கிறார்கள் என்பதையும் அந்தப் பெயரே நினைவூட்டும். இரண்டாவது, ‘ஊறு’ என்றால் தீங்கு என்றும் பொருள் உண்டே என்பது. ஊறுகாய் என்று எழுதும்போது யாருக்கும் தீங்கு நினைவுக்கு வருவதில்லை. கூட்டுச்சொல்லில் அந்தப் பொருள் மேலெழாது.

‘டோப்’ என்றே விட்டுவிடலாமே என்று கேட்டவர்களுக்கும் ஒரு வார்த்தை. பணிக்கூடத்தில் அப்படியே சொல்லட்டும், அதைத் தடுக்கவேண்டியதில்லை. எழுத்தில்தான் குழப்பம். அதே சொல் விளையாட்டில் ஊக்கமருந்தாகவும் குறைகடத்தியில் மாசூட்டலாகவும் வருகிறது, தேடுபவருக்கு மூன்றும் கலந்து கிடைக்கின்றன. பட்டியலில் ‘ஊறுபூச்சு’ என்பதை முதன்மையாகவும் ‘டோப்’ என்பதை வழக்குச் சொல்லாகவும் வைப்போம்.

இனி, மூடும் துணி. ‘துணிப்போர்வை’, ‘துணியுறை’ இரண்டையும் பொதுச்சொல்லாக வைக்க முடியாது. துணியை இறக்கையின் வடிவுக்கு முன்பே தைத்துத் தலையணை உறைபோல மாட்டுவது ஒரு முறை. விரித்துப் போட்டு விளிம்பில் ஒட்டுவது இன்னொரு முறை. உறைமுறை, போர்வைமுறை என்று இவற்றுக்கே அந்தச் சொற்கள் தேவைப்படுகின்றன. பொதுச்சொல்லாக ‘வேய்தல்’ என்பதை எடுத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து. துணி வேய்ந்த இறக்கை, வேய்துணி, பழைய துணியை உரித்துப் புதிதாகப் போடுவது மறுவேய்வு. துணியை விலாக்களோடு சேர்த்துக் கட்டும் வேலைக்கும் இந்தச் சொல் ஒத்துப்போகிறது. இறக்கையின் மேற்புறம் காற்று துணியை மேல்நோக்கி இழுக்கும், பசை மட்டும் தாங்காது. மெழுகு பூசிய நூலை நீண்ட ஊசியில் கோத்து, விலாவைச் சுற்றி மேலும் கீழும் வாங்கி, ஒவ்வொரு சுற்றிலும் முடிச்சிடுகிறார்கள். ஓரிடத்தில் நூல் அறுந்தாலும் அடுத்த முடிச்சு பிடித்துக்கொள்ளும். அதனால் ‘விலாத்தையல்’ வேண்டாம், ‘விலாக்கட்டு’ இருக்கட்டும். தையல் என்றால் ஒரே நூல் ஓடுகிறது, ஒன்று பிரிந்தால் எல்லாம் பிரியும் என்ற நினைப்பு வந்துவிடும். அந்த முடிச்சும் மீன்வலைக்காரர்களின் முடிச்சிலிருந்து வந்ததுதான், வலைமுடிச்சு என்றே எழுதலாம்.

இந்தச் சொற்கள் சேர்ந்து ஓடுகின்றனவா என்று பார்க்க, பருத்தி வேய்ந்த இறக்கையில் ஒரு கிழிசலைச் சரிசெய்யும் பத்தியை எழுதிப் பார்த்தேன்:

‘முதலில் கிழிசலின் இரு விளிம்பையும் சேர்த்துத் தைக்கவும். ஊசி ஒவ்வொரு முறையும் துணிக்கு அடியிலிருந்து மேலே வர வேண்டும், ஒருமுறை இடது விளிம்பில், மறுமுறை வலது விளிம்பில். அப்போதுதான் விளிம்புகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் முகத்தோடு முகம் சேரும். ஒட்டு உட்காரவேண்டிய இடத்தில் உள்ள பழைய ஊறுபூச்சைக் கரைப்பானால் இளக்கி, துணி தெரியும்வரை மழுங்கிய தகட்டால் வழித்தெடுக்கவும். துணியைச் சுரண்டிவிடக் கூடாது. பல்வெட்டு விளிம்புள்ள ஒட்டுத்துணியைப் புதிய ஊறுபூச்சில் அமர்த்தி, நடுவிலிருந்து ஓரத்துக்குக் காற்றுக் குமிழ்களைத் தள்ளவும். காய்ந்த பின் தெளிந்த அடுக்கு, வெள்ளி அடுக்கு, நிறம் என்று பழைய வரிசையிலேயே மேலேறவும்.’

எனக்கு இது தடுக்காமல் ஓடுவதாகப் படுகிறது. ‘பல்வெட்டு’ என்பது இணைப்புகளின்மேல் ஒட்டும் துணிப்பட்டையான மூடுநாடாவின் விளிம்புக்கும் பொருந்தும். நேராக வெட்டிய விளிம்பில் நூல் பிரியும், பல் பல்லாக வெட்டினால் பிரியாது.

சில்லறைச் சொற்கள் விரைவாக. ஈரக் காற்றில் பூசினால் ஊறுபூச்சு பால்போல் வெளுத்துப்போவதற்கு ‘வெள்ளை பூத்தல்’. உப்புப் பூத்தல் நமக்குப் பழக்கமான வழக்குதான். கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிவதுதான் காரணம். முற்றிக் கடினமான பூச்சில் ஏதாவது இடித்தால் வட்டவட்டமாக விழும் கீறலுக்கு ‘வளைய வெடிப்பு’ போதும், ஆங்கிலத்தில் சொல்வதுபோலப் படர்தாமரை என்ற தோல்நோயின் பெயரை இழுக்கத் தேவையில்லை. நீர் வெளியேற அடித்துணியில் வைக்கும் துளைக்கு ‘வடிகண்’.

ஊறுபூச்சு என்ற பதிவோடு ஓர் எச்சரிக்கை வரியும் கட்டாயம் வேண்டும். நைட்ரேட் வகை நைட்ரோசெல்லுலோஸ், சட்டென்று தீப்பிடிக்கும். உலர்ந்த பரப்பைத் தேய்க்கும்போது எழும் நிலைமின் பொறியே அதற்குப் போதும். கரைப்பான் ஆவியும் விளையாட்டல்ல. முதல் உலகப்போர்க் காலத்தில் பிரிட்டனின் விமானத் தொழிற்சாலைகளில் டோப் பூசிய பெண்களுக்கு, அதில் இருந்த டெட்ராகுளோரோஈத்தேன் என்ற கரைப்பானால் மஞ்சள்காமாலை வந்தது, சிலர் இறந்தும்போனார்கள். பட்டியலில் பொருள் மட்டும் எழுதிவிட்டு இதை விட்டுவிடுவது சரியல்ல.

எஞ்சியிருப்பது ஒரு சொல். வறண்டு விறைத்த பழைய ஊறுபூச்சின்மேல் தடவி அதை மறுபடி இளக்கும் திரவத்துக்கு, பட்டியலில் ‘புத்துயிரூட்டி’ என்று இருக்கிறது. இதை மாற்ற வேண்டும் என்று அழுத்தமாகச் சொல்கிறேன். அந்தத் திரவம் பூச்சை இளக்குகிறது, அவ்வளவுதான். துணியின் வலிமையில் ஓர் இழைகூடத் திரும்ப வராது. ‘கிரேடு ஏ’ எனப்படும் விமானத்தரப் பருத்தித் துணி புதிதாக இருக்கும்போது ஓர் அங்குல அகலத்துக்கு 80 பவுண்டு இழுவிசையைத் தாங்க வேண்டும், 56-க்குக் கீழே போனால் அதை உரித்து மறுவேய்வு செய்தே ஆக வேண்டும். 50-க்கு இறங்கிய துணியில் ‘புத்துயிரூட்டி’ தடவினால் மேலே பளபளக்கும், அடியில் அதே 50-தான். பெயரைப் பார்த்து யாராவது அந்த இறக்கையோடு மேலே கிளம்பிவிடக் கூடாது. ‘நெகிழ்த்துநீர்’ என்று மாற்றலாமா? மறுப்பு இருந்தால் காரணத்தோடு எழுதுங்கள். இல்லையென்றால் ஊறுபூச்சு, வேய்துணி, விலாக்கட்டு ஆகியவற்றோடு இதையும் பட்டியலில் சேர்த்துவிடலாம்.